ஃபைபர் குறுக்கீட்டுமானி அடம்பிடிக்கும்போது: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து, அந்தக் குறுக்கீட்டிலிருந்து சூட்டையும் இழுப்பையும் அளக்கும் சென்சார்தான் ஃபைபர் குறுக்கீட்டுமானி. அது அடம்பிடிக்கும்போது, பாதி நேரம் சென்சார் கெட்டிருக்காது. எதையோ சரியாகத்தான் அளந்துகொண்டிருக்கும், ஆனால் அது நாம் அளக்க நினைத்தது அல்ல. அதனால் ஃபைபரை வெட்டி மறுபடி ஒட்டுவதற்கு முன், அது இப்போது எதை அளக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பல வழிகளில் கேட்பதுதான்.

இரண்டு அமைப்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று மாக்–சேண்டர்: 1550 நானோமீட்டர் லேசர் ஒளி ஒரு கப்ளரில் இரண்டாகப் பிரிந்து, அளவீட்டுக் கிளை வழியாகவும் ஒப்பீட்டுக் கிளை வழியாகவும் போய், இன்னொரு கப்ளரில் சேரும். சேரும்போது ஒளி கூடியும் குறைந்தும் வருவதைத்தான் பட்டை என்கிறேன்; ஒரு முழு ஏற்ற இறக்கம் ஒரு பட்டை. மற்றது ஃபேப்ரி–பெரோ தலை: மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு ஃபைபர் முனைகள் எதிரெதிரே நிற்கும், நடுவில் 50 மைக்ரோமீட்டர் போல ஒரு காற்றிடைவெளி. இதற்கு அகன்ற நிறமாலை கொண்ட மூலமும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வேண்டும்.

மேசைக்கு எதிரே ஒட்டி வைக்க வேண்டிய எண்கள் சில. சாதாரண ஒற்றைப் பாங்கு ஃபைபரில் 1550 நானோமீட்டரில், ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் கட்டம் (ஒளி அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) சுமார் 44 ரேடியன் மாறும், அதாவது ஏழு பட்டைகள். அதே ஒரு மீட்டரை ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இழுத்தால் சுமார் 4.6 ரேடியன். ஆகவே ஒரு டிகிரி என்பது ஒன்பது, ஒன்பதரை மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சமம். சூட்டில் கட்டம் மாறுவது பெரும்பாலும் ஒளிவிலகல் எண் மாறுவதால்தான். சிலிக்கா நீள்வது டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 0.55 பங்கு மட்டுமே, விலகல் எண் மாறுவதோ பத்து லட்சத்தில் பத்து. இழுப்பில் கதை வேறு: நீளம் கூடும்போது விலகல் எண் கொஞ்சம் குறைந்து, விளைவில் 22 சதவீதத்தைத் தின்றுவிடும். பட்டரும் ஹாக்கரும் 1978இல் ஃபைபரை இழுப்பு அளக்கும் திரிபுமானியாகப் பயன்படுத்திக் காட்டியபோதே இந்தக் கணக்கு வந்துவிட்டது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் ஆய்வகங்களில் மறக்கப்படுவது அந்த 22 சதவீதம்தான்.

பட்டையே தெரியவில்லை

ஒளி வருகிறதா என்று முதலில் பவர் மீட்டரில் பாருங்கள். வரவில்லை என்றால் அது குறுக்கீட்டுப் பிரச்சினை இல்லை, குழாய் அடைப்பு மாதிரி. கனெக்டரைத் துடையுங்கள். பச்சை நிற ஏபிசி கனெக்டரை நீல நிற பிசி கனெக்டரோடு யாராவது சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏபிசியின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, இரண்டும் ஒட்டி உட்காராது. ஒளி பாதிக்கு மேல் போய்விடும், முனையும் கீறலாம்.

ஒளி வருகிறது, ஆனால் அசையாமல் நிற்கிறது என்றால் கதை சுவாரஸ்யமாகிறது. ஒரு பென்சிலை எடுங்கள். ஒப்பீட்டுக் கிளையை நாலைந்து சுற்று அதில் இறுக்கிச் சுற்றினால் 1550 நானோமீட்டர் ஒளி வளைவில் கசிந்து போய்விடும், கிளை மூடியதற்குச் சமம். (வளைவைத் தாங்கும் ஜி.657 வகை ஃபைபரில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. ரொம்ப நேரம் சுற்றியே வைத்திருக்கவும் வேண்டாம்.) இரண்டு கப்ளரும் பாதிக்குப் பாதி பிரிப்பவை என்றால், உள்ளே 1 மில்லிவாட் போகும்போது ஒரு கிளை மட்டும் திறந்திருந்தால் ஒரு வெளிவாயிலில் 0.25 மில்லிவாட் வரும். இப்போது பென்சிலைக் கழற்றுங்கள். குறுக்கீடு நடந்தால் மீட்டர் கிட்டத்தட்ட 0க்கும் 1க்கும் நடுவே ஆட வேண்டும். எதைத் தொட்டாலும் 0.5இலேயே உட்கார்ந்திருந்தால், இரண்டு ஒளியும் வந்து சேர்கின்றன, ஆனால் ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

பேசாததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது மூலம். சூப்பர் லூமினசென்ட் டையோடு போன்ற 40 நானோமீட்டர் அகல மூலத்தின் ஓரியல் நீளம் (இரண்டு பாதைகளும் இவ்வளவுக்குள் வேறுபட்டால்தான் குறுக்கீடு தெரியும்) 60 மைக்ரோமீட்டர்தான். கிளைகளின் நீள வித்தியாசம் ஃபைபரில் 40 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் பட்டை போய்விடும். கையால் வெட்டி ஒட்டிய கிளைகளில் அந்த ஒற்றுமை வரவே வராது. மலிவான ஃபேப்ரி–பெரோ லேசர் டையோடு பல நிறங்களை ஒரே நேரத்தில் உமிழும். மொத்த அகலம் 3 நானோமீட்டர் என்றால் ஓரியல் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கிட்டத்தட்ட ஒரே நிறத்தை உமிழும் டிஎஃப்பி லேசரில் அதிர்வெண் அகலம் ஒரு மெகாஹெர்ட்ஸ் போல இருந்தால் ஃபைபருக்குள் 65 மீட்டர் வரை தாங்கும். ஆனால் அதே டிஎஃப்பியைத் தொடக்க மின்னோட்டத்துக்கு ஒட்டி ஓட்டினால் அந்த அகலம் கூடிவிடும். ‘லேசர் பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று மின்னோட்டத்தைக் குறைத்து வைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது, இரண்டு ஒளிகளின் அதிர்வுத் தளங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகிவிட்டன. இதற்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவது, பட்டை இருக்கிறது, ஆனால் உங்கள் மீட்டர் மெதுவானது. அறையின் அதிர்வில் பட்டைகள் வினாடிக்குப் பல நூறு ஓடிக்கொண்டிருக்க, மீட்டர் சராசரியை மட்டும் காட்டுகிறது. ஃபோட்டோடையோடை ஆஸிலோஸ்கோப்பில் மாட்டிப் பாருங்கள்.

கல்லூரி ஆய்வகங்களுக்கு மட்டும் ஒன்று: ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளியைத் தொலைத்தொடர்பு ஃபைபரில் விட்டால் அது ஒற்றைப் பாங்கில் போகாது, பல பாங்குகளாகப் பிரிந்து போகும். திரையில் நேர்த்தியான பட்டைகளுக்குப் பதிலாகப் புள்ளிப் புள்ளியாக ஒரு கோலம் விழும், ஃபைபரைத் தொட்டால் கோலமே உருமாறும். அமைப்பில் பிழை இல்லை. 633 நானோமீட்டருக்கென்று செய்த ஃபைபர் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டை தெரிகிறது, ஆனால் காலையில் தெளிவு, மதியம் மங்கல்

முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது கிளைகளின் ஒளியளவு சமமில்லை என்பதை. அது பெரும்பாலும் வீண் சந்தேகம். ஒரு கிளையில் 90 சதவீதமும் மற்றதில் 10 சதவீதமும் இருந்தால்கூடப் பட்டைத் தெளிவு (உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.6 இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் 0.2க்கு இறங்கும். ஆகவே தெளிவு நாள் முழுக்க ஏறி இறங்கினால் அது ஒளியளவு இல்லை, அதிர்வுத் தளம்.

ஃபைபர் கண்ணாடி பார்க்க உருண்டையாக இருந்தாலும், வளைவு, முறுக்கு, மேசை விளிம்பின் அழுத்தம் எல்லாம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும். இரண்டு கிளைகளிலும் வெவ்வேறாகத் திரும்பினால், இடையே உள்ள கோணத்தின் கோசைன் அளவுக்குத்தான் தெளிவு மிஞ்சும். சோதனை எளிது: மூன்று துடுப்பு உள்ள போலரைசேஷன் கன்ட்ரோலரை ஒரு கிளையில் போட்டு, துடுப்புகளைத் திருப்பிக்கொண்டே உச்சத்தையும் பள்ளத்தையும் பாருங்கள். தெளிவு 0.9க்கு மேல் ஏறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நிரந்தரத் தீர்வுக்குத் துடுப்பை நம்ப வேண்டாம். நாளைக்கு அறை இரண்டு டிகிரி மாறினால் மறுபடி திருப்பச் சொல்லும். மைக்கல்சன் அமைப்பாக (ஒளி கிளை முனையில் பட்டு அதே வழியில் திரும்பி வருவது) மாற்றி, இரண்டு கிளை முனையிலும் ஃபாரடே சுழல்கண்ணாடி மாட்டினால், போகும்போது ஏற்பட்ட திருப்பம் வரும்போது அவிழ்ந்துவிடும். திரும்பி வரும் ஒளி எப்போதும் போன ஒளிக்குச் செங்குத்தாகவே வரும், இரண்டு கிளையிலும் அப்படியே. செலவு கூடும், தலைவலி போகும். அதிர்வுத் தளத்தைத் திரும்பவிடாத பாண்டா ஃபைபரில் முழுக்கக் கட்டுவது இன்னொரு வழி. ஆனால் ஒவ்வொரு ஒட்டிலும் அச்சு பார்த்துத் திருப்பி ஒட்ட வேண்டும், சாதாரண ஸ்ப்ளைசர் அதைச் செய்யாது.

யாரும் தொடவில்லை, பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏழு பட்டை என்ற எண்ணை மறுபடி பாருங்கள். ஒரு மீட்டர் அளவீட்டுக் கிளை அறைக்காற்றில் கிடந்தால், பத்தில் ஒரு டிகிரி மாற்றமே முக்கால் பட்டை. மனிதர் பக்கத்தில் வந்து நின்றாலே போதும்.

ஒருமுறை எங்கள் வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வடிவம் வந்தது: மெல்ல ஏறும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். லேசர் டிரைவரைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணடித்தோம். மூன்றாம் நாள் ஒருவர் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்லின் ஒவ்வொரு இறக்கமும் ஏசியின் கம்ப்ரசர் ‘டக்’ என்று உயிர்பெறும் நேரத்தோடு ஒத்துப்போனது. சென்சார் இரண்டு நாளாக எங்களுக்கு ஏசியின் நாட்குறிப்பை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

தேடும் வரிசை இது. முதலில் ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஓட்டம் நின்றாலோ சீரான ஒரே திசை நகர்வாக மாறினாலோ அறைதான் காரணம். ஒப்பீட்டுக் கிளையை அளவீட்டுக் கிளையோடு சேர்த்துப் படுக்க வைத்து, சென்சார் பகுதியைத் தவிர மீதி எல்லாவற்றையும் ஒரே தெர்மகோல் பெட்டிக்குள் போடுங்கள். இரண்டும் ஒன்றாகச் சூடானால் வித்தியாசம் அடிபட்டுப் போகும். பெட்டிக்குள் உலர்ந்த மணல் அல்லது பஞ்சு போட்டால் காற்றோட்டமும் அடங்கும். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

அறை காரணமில்லை என்றால் அடுத்த சந்தேகம் லேசர். இதைக் கிளைகளின் நீள வித்தியாசத்தோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நீள வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால், லேசரின் அதிர்வெண் சுமார் 204 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தாலே ஒரு முழுப் பட்டை நகர்ந்துவிடும். டிஎஃப்பி லேசர் மில்லிஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு கிகாஹெர்ட்ஸ் நகரக்கூடியது. அப்படியானால் 0.2 மில்லிஆம்பியர் போதும். லேசரின் சூட்டில் இன்னும் மோசம்: டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் நகரும், அதாவது 12 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். நூற்றில் இரண்டு டிகிரி தடுமாறினால் ஒரு பட்டைக்கும் கூட. நீள வித்தியாசத்தை ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் இந்தக் கவலையெல்லாம் நூறில் ஒரு பங்காகிவிடும். விலை உயர்ந்த லேசர் வாங்குவதற்கு முன் ஒட்டுகளை ஒரு தடவை பிரித்து, கிளைகளை அளந்து வெட்டுங்கள்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? லேசரின் மின்னோட்டத்தை வேண்டுமென்றே 1 மில்லிஆம்பியர் கூட்டிப் பாருங்கள். பட்டைகள் நாலைந்து ஓடினால் உங்கள் கிளைகள் சமமில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றால் லேசர் நிரபராதி.

தட்டினால் சில சமயம் சிக்னல், சில சமயம் இல்லை

சென்சாரைத் தட்டுகிறீர்கள், துள்ளல் தெரிகிறது. ஐந்து நிமிடம் கழித்து அதே பலத்தில் தட்டுகிறீர்கள், ஒன்றுமில்லை. கனெக்டர் லூஸ் என்று நினைத்துக் கழற்றி மாட்டாதீர்கள். குறுக்கீட்டு வளைவு கோசைன் வளைவு. அதன் சரிவில் நிற்கும்போது சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும், உச்சியிலோ பள்ளத்திலோ நிற்கும்போது சின்ன அசைவு தெரியவே தெரியாது. அறை நகர்வு உங்களைச் சரிவிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து சரிவுக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. ஃபைபரைச் சில சுற்று பீசோ உருளையில் (மின்னழுத்தம் கொடுத்தால் விரிந்து சுருங்குவது) சுற்றி, 1 கிலோஹெர்ட்ஸில் மெல்ல ஆட்டுங்கள். சரிவில் நின்றால் ஸ்கோப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் வரும். உச்சியில் நின்றால் 2 கிலோஹெர்ட்ஸ் வரும், ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி ஏறுகிறீர்கள். முதல் தடவை இதைப் பார்க்கும் மாணவர்கள் சிக்னல் ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

சின்ன அதிர்வை மட்டும் அளப்பவர்கள் அதே பீசோவால் எப்போதும் சரிவிலேயே பூட்டி வைக்கலாம். சூடும் திரிபும் அளப்பவர்களுக்கு அது உதவாது, ஏனென்றால் நாம் தேடுவதே அந்த நகர்வைத்தான். இரண்டாவது கப்ளருக்குப் பதில் மூன்றுக்கு மூன்று கப்ளர் போடுங்கள். மூன்று வெளிவாயிலிலும் பட்டை 120 டிகிரி தள்ளித் தள்ளி வரும், எப்போதும் ஒன்றாவது சரிவில் இருக்கும். இரண்டு வெளியீட்டை ஸ்கோப்பின் எக்ஸ்–ஒய் முறையில் போட்டால் புள்ளி ஒரு நீள்வட்டத்தில் சுற்றும். அந்த நீள்வட்டம் நல்ல வைத்தியர் மாதிரி: ஒரு பக்கம் தட்டையாக வெட்டுப்பட்டால் அந்த டிடெக்டர் நிறைந்து வழிகிறது, மொத்தமாகச் சுருங்கினால் அதிர்வுத் தளங்கள் விலகுகின்றன, கோடாக ஒடுங்கினால் இரண்டு கம்பியையும் ஒரே வாயிலில் மாட்டியிருக்கிறீர்கள். கடைசியாகச் சொன்னதை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

சூடாக்கி ஆறவிட்டேன், அளவு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை

இதற்கு இரண்டு வேர். ஒன்று கணக்கில், மற்றது பசையில்.

ஒற்றை டிடெக்டரில் பட்டையை எண்ணுகிறீர்கள் என்றால், பட்டை எந்தத் திசையில் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு மீட்டர் ஃபைபர் 30லிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது 210 பட்டை எண்ணும், இறங்கும்போதும் கூட்டல் கணக்கிலேயே எண்ணும். திரும்பும் இடத்தில் நாமே கையால் குறியை மாற்ற வேண்டும், அங்கே ஒன்றிரண்டு பட்டை தவறத்தான் செய்யும். மேலே சொன்ன மூன்றுக்கு மூன்று கப்ளரில் புள்ளி வலமாகச் சுற்றுகிறதா இடமாகச் சுற்றுகிறதா என்பதே திசையைச் சொல்லிவிடும்.

பசை விஷயம் இன்னும் குழப்பமானது. சாதாரண ஃபைபரின் மேல் இருக்கும் அக்ரிலேட் பூச்சு மென்மையானது. பூச்சின் மேலேயே பசை போட்டு உலோகத்தில் ஒட்டினால், உலோகம் நீள்வது முழுதாகக் கண்ணாடிக்குப் போய்ச் சேராது. சேர்ந்ததும் மெல்ல மெல்ல நழுவும். சுமையை அரை மணி நேரம் மாற்றாமல் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒட்டிய சாதாரண ஃபாயில் கேஜ் (உலோகத்தாள் திரிபுமானி) அசையாமல் நிற்க, ஃபைபர் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால் நழுவுகிறது என்று அர்த்தம். குட்டை சென்சாருக்குப் பூச்சை உரித்துவிட்டு ஒட்டுங்கள், அல்லது பாலிமைடு பூசிய ஃபைபர் வாங்குங்கள். அக்ரிலேட் 85 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பாலிமைடு 300 வரை தாங்கும்.

பசையின் வெப்ப எல்லையையும் பாருங்கள். கடையில் கிடைக்கும் ஐந்து நிமிட எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) சட்டென்று பிடிக்கும், ஆனால் ஈரத்தில் நாளாக நாளாக விடும். சோதனைக்கு அது போதும், மாதக்கணக்கில் விடப்போகும் பாலத்துக்கோ குழாய்க்கோ வேண்டாம்.

திரிபு எண்ணே நம்பும்படி இல்லை

நகைக் கடையில் தராசுக்கல் சரிபார்ப்பது போல, இதற்கும் ஒரு நேர்மையான சோதனை உண்டு. ஃபைபரைச் செங்குத்தாக மேலே ஒரு இடத்தில் பிடித்து, கீழே சரியாக ஒரு மீட்டர் தள்ளி 10 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிலிக்காவின் குறுக்குவெட்டுப் பரப்பில், யங் குணகம் 72 கிகாபாஸ்கல் என்று வைத்தால், 10 கிராமுக்கு 111 மைக்ரோஸ்ட்ரெயின் வரும். மாக்–சேண்டரில் சுமார் 82 பட்டை ஓட வேண்டும். மைக்கல்சனில் ஒளி போய்த் திரும்புவதால் இதன் இருமடங்கு. பூச்சு ஓரிரு சதவீதச் சுமையைத் தாங்கிக்கொள்ளும், அது பரவாயில்லை.

எடையைப் பொத்தென்று விடாதீர்கள். ஒரு விரலால் தாங்கிக்கொண்டு மெல்ல இறக்கினால்தான் பட்டை எண்ண முடியும். பிறகு எடையைத் தூக்கிப் பாருங்கள், அதே 82 திரும்ப ஓட வேண்டும். 82 ஓடியும் உங்கள் கணக்கு 105 கேட்டால் நீங்கள் அந்த 22 சதவீதத்தை மறந்த சூத்திரத்தோடு ஒப்பிடுகிறீர்கள், ஃபைபர் மேல் தப்பில்லை. 60 வந்தால் மேல் பிடியில் ஃபைபர் வழுக்குகிறது. செலோடேப் பிடி கட்டாயம் வழுக்கும். ஃபைபரை ஒரு கம்பத்தில் நாலைந்து சுற்று சுற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஃபைபர் ஒரு சதவீதம், அதாவது 10,000 மைக்ரோஸ்ட்ரெயின் இழுத்துச் சோதித்து அனுப்பப்பட்டது. ஆகவே 100 கிராம்கூட அதற்குப் பொருட்டில்லை, உரித்த இடத்தில் கீறல் இல்லாதவரை.

அளவு திடீரென்று 77.5 மைக்ரோஸ்ட்ரெயின் குதிக்கிறது

இது ஃபேப்ரி–பெரோ தலைக்கானது. குதிக்கும் அளவு ஒவ்வொரு முறையும் ஒரே எண் என்றால் அது உலகத்தில் நடக்கும் விஷயம் இல்லை, மென்பொருளில் நடப்பது. இடைவெளி அரை அலைநீளம், அதாவது 775 நானோமீட்டர் மாறினால் பட்டைகள் ஒரு முழுச் சுற்று நகர்ந்து பழையபடி தோன்றும். அளவீட்டு நீளம் 10 மில்லிமீட்டர் என்றால் அந்த 775 நானோமீட்டர்தான் 77.5 மைக்ரோஸ்ட்ரெயின். உங்கள் நிரல் ஒரு பட்டையைத் தவறாக எண்ணிவிட்டது.

அசைவு வேகமானதா என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுக்கு நடுவே இடைவெளி கால் அலைநீளத்துக்கு மேல் நகர்ந்தால் எந்த நிரலும் தடுமாறும். மெதுவான அசைவிலும் குதித்தால், நிறமாலையின் இரு ஓரங்களிலும் ஒளி குறைவான பகுதியைக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். உச்சிகளைத் தேடுவதற்கு முன் மூலத்தின் நிறமாலையால் வகுத்துவிடுங்கள்.

மழைக்குப் பிறகு பட்டை கிட்டத்தட்ட காணாமல் போனது

இதுவும் அதே தலைதான். 50 மைக்ரோமீட்டர் காற்றிடைவெளிக்குப் பட்டைகளின் இடைத்தூரம் 24 நானோமீட்டர். மழைக்கு முன் 24 இருந்தது, இப்போது 18 என்று சுருங்கி, உயரமும் பத்தில் ஒன்றுக்குக் கீழே போய்விட்டதா? உள்ளே தண்ணீர். கண்ணாடி–காற்று எல்லையில் மூன்றரை சதவீத ஒளி திரும்பும், கண்ணாடி–தண்ணீர் எல்லையில் 0.2 சதவீதம்தான். இடைவெளி மாறவில்லை, ஆனால் அதற்குள் ஒளி 1.3 மடங்கு நீளமாக நடப்பதால் பட்டைகள் நெருங்குகின்றன. உலர்த்தினால் சில சமயம் உயிர் வரும். குழாய் முனையின் பசையில் வெடிப்பு இருந்தால் அடுத்த மழையிலும் இதே கதை, தலையை மாற்றிவிடுங்கள்.

பட்டை மேல் இன்னொரு சின்னப் பட்டை

பெரிய அலையின் முதுகில் சிற்றலை ஏறி உட்கார்ந்திருந்தால், அழைக்காத ஒரு ஃபேப்ரி–பெரோ வழியில் எங்கோ இருக்கிறது. அதன் நீளத்தை அதுவே சொல்லும்: அலைநீளத்தின் வர்க்கத்தைச் சிற்றலையின் இடைத்தூரத்தாலும் விலகல் எண்ணின் இருமடங்காலும் வகுங்கள். 0.8 நானோமீட்டருக்கு ஒருமுறை வந்தால் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி. டிடெக்டரின் முகப்புக் கண்ணாடியைப் பாருங்கள். 0.08 என்றால் ஒரு சென்டிமீட்டர், கனெக்டருக்கும் அடுத்த ஒட்டுக்கும் நடுவே இருக்கும் குட்டித் துண்டைப் பாருங்கள். பயன்படுத்தாத கப்ளர் வாயிலின் முனையும் இதே வேலையைச் செய்யும். அதை நசுக்கிவிடுங்கள், அல்லது ஒரு சொட்டு கிளிசரினில் முக்குங்கள். லேசருக்கு முன்னால் ஐசொலேட்டர் (ஒளியைத் திரும்பி வரவிடாத கருவி) இல்லை என்றால் இதெல்லாம் செய்தும் முழுதாகப் போகாது.

50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல்

டிடெக்டரைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். 100 போனால் டியூப் லைட். லேசரை அணைத்தும் 50 நிற்கிறதா? எர்த் இணைப்பு. லேசர் எரியும்போது மட்டும் வந்து, ஒரு கிளையைப் பென்சிலால் மூடினால் போய்விடுகிறதா? டிரைவரின் மின்னோட்டத்தில் சிற்றலை, கிளைகளும் சமமில்லை.

சூடா, இழுப்பா? பிரிக்கவே முடியவில்லை

இது கோளாறு இல்லை, இயற்கை. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லும் கருவியிடம் இரண்டு கேள்வி கேட்கிறோம். வழக்கமான தந்திரம், வெவ்வேறு விகிதத்தில் பதில் சொல்லும் இரண்டு சென்சார் வைத்து இரண்டு சமன்பாடு தீர்ப்பது. ‘வெவ்வேறு’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபைபர் பிராக் கிரேட்டிங்கை, அதாவது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் ஃபைபர் துண்டை, உதாரணமாக எடுப்போம். அந்த அலைநீளம் 1550 நானோமீட்டரில் மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 1.2 பிக்கோமீட்டரும், டிகிரிக்கு 10 பிக்கோமீட்டரும் நகரும். இன்னொரு சென்சார் 1.1உம் 9.8உம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் தீர்வு வரும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிக்கோமீட்டர் தவறினால், மோசமான நிலையில் திரிபில் 26 மைக்ரோஸ்ட்ரெயினும் வெப்பத்தில் 3 டிகிரியும் தப்பும். இரண்டாவது சென்சாரைப் பக்கத்தில் ஒட்டாமல் தளர்வாகப் படுக்க வைத்து, சூடு மட்டும் படும்படி விட்டால், அதே ஒரு பிக்கோமீட்டர் தவறு திரிபில் 2 மைக்ரோஸ்ட்ரெயினைத் தாண்டாது. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் விசித்திரமான கூட்டுச் சென்சார்களைவிட, தளர்வாகக் கிடக்கும் ஒரு ஃபைபர் துண்டையே நான் நம்புவேன்.

அது உண்மையிலேயே தளர்வாக இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. ஸ்டீல் குழாய்க்குள் விட்ட கிரேட்டிங் டிகிரிக்கு 10 பிக்கோமீட்டர் நகர வேண்டும். 24 நகர்ந்தால், குழாயின் இரு முனையிலும் பசை உள்ளே வழிந்து ஃபைபரைப் பிடித்துக்கொண்டது. சூட்டில் நீளும் ஸ்டீல் அதையும் சேர்த்து இழுக்கிறது. அலுமினியக் குழாய் என்றால் 37 வரும். ஒரு முனையில் மட்டும் பசை போட்டு, மறுமுனையில் கொஞ்சம் ஃபைபரைத் தொய்வாக விட்டு, மறுபடி வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிப் பாருங்கள். 10 வந்தால் மூடியைப் போடலாம்.